கார் ரேஸ் விளையாட: போனா, கன்சோலா, மால் எந்திரமா?

போன மாதம் அக்கா போன் செய்தாள். "டேய், உன் மருமகன் அவங்கப்பா போன்ல கார் ரேஸ் விளையாடி 800 ரூபாய்க்கு ஏதோ பெட்டி வாங்கியிருக்கான். உள்ள என்ன கார் இருக்கும்னு திறந்தாதான் தெரியுமாம். திறந்து பார்த்தா ஏற்கெனவே இருக்கற காராம். இவன் அழறான், அவர் கத்தறார். நீதான் இதெல்லாம் விளையாடினவன், ஒரு வழி சொல்லு."

அவளே மூன்று வழி யோசித்து வைத்திருந்தாள். போனிலேயே விளையாடட்டும், பணம் கட்டும் வழியை மட்டும் பூட்டிவிடலாம். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை மாலுக்குக் கூட்டிப்போய் அங்கே இருக்கும் ஸ்டீயரிங் எந்திரத்தில் ஆசை தீர ஓட்டவிடலாம். அதுவும் இல்லையென்றால் டிவியில் மாட்டுகிற கன்சோல் ஒன்றை வாங்கிவிடலாம். பையனுக்கு 11 வயது. அவன் தங்கைக்கு 7. அண்ணன் கையில் எது இருக்கிறதோ அது அவளுக்கும் வேண்டும்.

முதலில் ஒன்று. நிஜக் காரை அப்படியே நகலெடுக்கும் சிமுலேஷன் வகையைப் பற்றி இங்கே பேசவில்லை. டயர் சூடு, பெட்ரோல் எடை, பிரேக் பிடிக்க வேண்டிய சரியான இடம் என்று கணக்குப் பார்க்கிற விளையாட்டுகள் அவை. நான் சொல்வது ஆர்கேட் வகை. வளைவில் வண்டியைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டே திரும்பலாம், சுவரில் மோதினாலும் இரண்டு நொடியில் மறுபடி ஓடும், ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து ரோட் ராஷ் ஓட்டி, பக்கத்து பைக்கில் வருகிறவனை உதைத்துத் தள்ளியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்த மூன்றையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கிராஃபிக்ஸிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் காசிலிருந்து ஆரம்பிப்பேன். எவ்வளவு என்பதைவிட, நம்மிடம் காசை எப்போது வாங்குகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். மால் எந்திரம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வாங்குகிறது. கன்சோல் விளையாட்டு முன்கூட்டியே மொத்தமாக வாங்கிவிடுகிறது. போன் விளையாட்டு முதலில் ஒன்றுமே வாங்காது, அப்புறம் வாங்கிக்கொண்டே இருக்கும். இந்த மூன்று வசூல் முறைக்குத் தகுந்தபடிதான் உள்ளே ரோடே போட்டிருப்பார்கள்.

எந்திரத்தையே பாருங்கள். 1986-ல் செகா நிறுவனம் அவுட்ரன் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் யூ சுசுகி. இதற்காக ஐரோப்பாவில் கார் எடுத்துச் சுற்றி இடம் பார்த்துவிட்டு வந்தவர். சிவப்பு நிறத் திறந்த கார், பக்கத்தில் ஒரு பெண், கடற்கரைச் சாலை. வண்டியைக் கிளப்பும் முன் ரேடியோவில் எந்தப் பாட்டு வேண்டும் என்று நாமே திருப்பித் தேர்ந்தெடுக்கலாம். கியர் இரண்டே இரண்டு. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் சாலை இரண்டாகப் பிரியும். இடதா வலதா என்பது நம் இஷ்டம். அதனால் ஒரே விளையாட்டில் 15 ஊர், 5 முடிவு. பெரிய வகைக் கூண்டில் உட்கார்ந்தால் இருக்கையே நம்மோடு சாயும். யாரையும் முந்தி முதலிடம் பிடிக்க வேண்டியதில்லை. சுசுகி இதைப் பந்தய விளையாட்டு என்றே சொல்லமாட்டார், ஓட்டும் விளையாட்டு என்பார்.

ஆனால் திரையின் மேலே ஒரு கடிகாரம் குறைந்துகொண்டே வரும். அடுத்த செக்பாயின்ட்டைத் தொட்டால் கொஞ்சம் நொடி சேரும். தொடாவிட்டால் வண்டி தானாக வேகம் குறைந்து ஓரமாக நின்றுவிடும். அந்த நேரத்தில் பின்னால் வரிசையில் நிற்கிறவன் காசோடு தயாராக இருப்பான். கடைக்காரருக்கு வேண்டியது அதுதான். எந்திரத்துக்கு எதிரி நம் நேரம் மட்டுமே. அந்த நேரத்தை எதற்காகவும் அது திருப்பித் தராது. அதனாலேயே மூன்று நிமிடம் ஓட்டிவிட்டு இறங்கும்போது சட்டை நனைந்திருக்கும்.

செகாவின் டேடோனா யுஎஸ்ஏ இதில் இன்னொரு படி. எட்டு கூண்டுகளை வரிசையாக இணைத்து எட்டுப் பேர் ஒரே பந்தயத்தில் ஓட்டலாம். நான்கு கியர் உண்டு. வளைவில் நான்கிலிருந்து சட்டென்று இரண்டுக்கு இறக்கினால் பின்பக்கம் விலகி வண்டி சறுக்கும், உடனே ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஸ்டீயரிங் கையை இழுக்கும். அந்த இழுப்பை எந்த போனும் தராது, சாதாரண கன்சோல் கைப்பிடியும் தராது. வீட்டுக்கு வந்தபோது என்ன ஆயிற்று என்பதும் தெரிந்த கதைதான். எந்திரத்தில் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடிய படம், 1995-ல் செகா சாட்டர்ன் கன்சோலில் 20 அளவுக்கு இறங்கி, தூரத்து மலைகள் திடீர் திடீரென்று முளைத்தன. அன்றைக்கு எந்திரத்துக்குப் போக அதுவே போதுமான காரணம்.

இன்று அந்தக் காரணம் இல்லை. படத்தில் வீட்டு கன்சோல் எப்போதோ முந்திவிட்டது. மாலில் மிச்சம் இருப்பது இருக்கை, ஸ்டீயரிங், பக்கத்துக் கூண்டில் உட்கார்ந்திருக்கிற ஆள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் காசு வீண். போன வருடம் ஒரு மாலில் பையனைக் கூட்டிப்போனபோது இதைப் பார்த்தேன். அட்டையைத் தேய்த்து உட்கார்ந்தால், ஸ்டீயரிங் லூசாகி எப்போதும் கொஞ்சம் இடதுபக்கம் இழுத்தது, பெடல் பாதிதான் இறங்கியது. இரண்டு நிமிடம்போலப் பந்தயம், நான்காவது இடம், முடிந்தது. "மாமா, இன்னொரு தடவை" என்றான். நான்கு தடவைக்குள் அட்டையில் மிச்சம் ஒன்றுமில்லை. அன்றிலிருந்து என் வழக்கம் இது: காசு போடும் முன், ஏற்கெனவே யாராவது ஓட்டிக்கொண்டிருக்கும் கூண்டின் பின்னால் ஒரு பந்தயம் முழுக்க நின்று பார்ப்பேன். நேர் ரோட்டில் அவர் கை சும்மா இருந்தால் ஸ்டீயரிங் சரியாக இருக்கிறது. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருத்திக்கொண்டே இருந்தால் அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுவேன்.

சிங்கப்பூர், மலேசியா வாசகர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அங்கே வங்கான் மிட்நைட் மேக்சிமம் டியூன் போன்ற எந்திரங்களுக்குச் சொந்த அட்டை உண்டு. நம் கார், அதில் ஏற்றிய குதிரைத்திறன் எல்லாம் அட்டையில் பதிவாகி, அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடங்கும். வாராவாரம் போகிறவர்களுக்கு அது ஒரு கழகம் மாதிரி. நம் ஊர் மாலில் நான் பார்த்ததெல்லாம் ஒருமுறை ஓட்டிவிட்டு மறந்துபோகிற வகைதான்.

சரி, கன்சோல். இங்கே முழு விலையையும் முதலிலேயே கொடுத்துவிடுகிறோம். அதனால் நம்மைச் சீக்கிரம் எழுப்பிவிட அதற்கு ஒரு காரணமும் இல்லை. இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதற்கு நாம்கோவின் ரிட்ஜ் ரேசர் நல்ல சாட்சி. 1993-ல் எந்திரமாக வந்தது. நிஜ மாஸ்டா காரையே பெரிய திரைக்கு முன் நிறுத்தி ஓட்டவிட்ட பதிப்புகூட இருந்தது. 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் முதல் பிளேஸ்டேஷன் வெளியான அன்றே இதுவும் கூடவே வந்தது. லோடாகிற நேரத்தில் கேலக்ஸியன் என்ற பழைய விளையாட்டைச் சுடக் கொடுத்தார்கள். லோடாகி முடிந்தால் விளையாட்டு முழுக்க நினைவகத்துக்குள் உட்கார்ந்துவிடும். அப்புறம் விளையாட்டு சிடியை வெளியே எடுத்துவிட்டு, நம்மிடம் இருக்கும் எந்தப் பாட்டு சிடியையும் போட்டு, அந்தப் பாட்டுக்கு ஓட்டலாம். காசை முன்னாலேயே வாங்கிவிட்டவனுக்குத்தான் இப்படியெல்லாம் தாராளம் வரும்.

அந்தத் தாராளத்தின் உச்சம் ஃபோர்ஸா ஹொரைசன் வரிசை. 2021 நவம்பரில் எக்ஸ்பாக்ஸுக்கும் கணினிக்கும் வந்து, 2025-ல் பிளேஸ்டேஷன் 5-க்கும் (பிஎஸ்5) வந்த ஐந்தாம் பாகம் மெக்சிகோ முழுக்கத் திறந்து வைத்திருக்கிறது. வளைவைத் தவறவிட்டீர்களா? ஒரு பட்டன். நேரம் பின்னோக்கி ஓடி, வளைவுக்கு முன் கொண்டுபோய் நிறுத்தும். அவுட்ரனின் கடிகாரத்துக்கு நேர் எதிர் இது. தனியாக, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓட்ட இதைவிட நல்லது இல்லை என்பேன். இரண்டு குறை உண்டு. 100 ஜிபிக்கு மேல் இடம் கேட்கும், ஆகவே மாத டேட்டாவில் இருக்கிற வீடுகள் யோசிக்க வேண்டும். இன்னொன்று, ஒரே திரையைப் பிரித்து இருவர் ஓட்ட முடியாது. ஒருவர் ஓட்ட மற்றவர் வேடிக்கைதான் பார்க்கலாம். தங்கை இருக்கும் வீட்டில் இது நேராகச் சண்டையில் போய் முடியும். நீட் ஃபார் ஸ்பீட் அன்பவுண்டிலும் அதே கதை.

மோதுவதில் சுகம் காண்கிறவர்களுக்கு கிரைடீரியன் குழு செய்த பர்ன்அவுட் வரிசை. 2004-ல் வந்த மூன்றாம் பாகத்தில் எதிரியைச் சுவரோடு தேய்த்து வீழ்த்துவதுதான் பிழைப்பே. நாமே நொறுங்கினாலும், நொறுங்கிய வண்டியை மெதுவோட்டத்தில் கொஞ்சம் திருப்பி எதிரி மேல் விழவைக்கலாம். இன்றைக்கு வாங்குவதானால் 2018-ல் புதுப்பித்து வெளியிட்ட பர்ன்அவுட் பாரடைஸ் சுலபம். தள்ளுபடியில் ஒரு பிரியாணி விலைக்கு வந்துவிடும்.

கன்சோலில் ஒரு பொடி விஷயத்தை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. நிஜக் கார் கம்பெனிகளின் உரிமம் காலாவதியாகும். 2009-ல் டிஜிட்டல் கடைக்கு வந்த அவுட்ரன் ஆன்லைன் ஆர்கேட், ஃபெராரி உரிமம் முடிந்ததும் கடையிலிருந்து இறக்கப்பட்டது. ஃபோர்ஸா ஹொரைசன் 4-ஐ 2024 டிசம்பர் 15-க்குப் பிறகு டிஜிட்டலில் வாங்க முடியாது. இவற்றை ஏற்கெனவே வாங்கியவர்களுக்குப் பாதகமில்லை. யூபிசாஃப்டின் தி க்ரூ அதைவிட மோசம். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள், காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் அன்றோடு சரி. தனியாக ஓட்டுவதற்கும் இன்டர்நெட் கேட்கிற விளையாட்டை வாங்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

இந்தக் கவலை மிகக் குறைவாக இருக்கும் இடம் மரியோ கார்ட். கற்பனை வண்டிக்கு எந்தக் கம்பெனி உரிமம் கேட்கப்போகிறது? (எட்டாம் பாகத்தில் மெர்சிடிஸ் வண்டிகள் சில இருக்கின்றன, குட்டிப் பிளம்பர் மரியோ மெர்சிடிஸில் போவதைப் பார்த்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.) 1992-ல் தொடங்கிய வரிசை. 2017-ல் நின்டென்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கு வந்த மரியோ கார்ட் 8 டீலக்ஸில் முதலில் 48 தடங்கள் இருந்தன. பின்னால் தனியாக விற்ற கூடுதல் தொகுப்பையும் சேர்த்தால் 96. ஒரே டிவியில் நான்கு பேர் ஓட்டலாம். ஸ்விட்சோடு வருகிற இரண்டு ஜாய்கான் கைப்பிடிகளையும் கழற்றி ஆளுக்கொன்று படுக்கவாட்டில் பிடித்தால், வேறெதுவும் வாங்காமல் அன்றே இருவர் ஆடலாம். ஸ்விட்ச் லைட் என்ற சின்ன வகையை மட்டும் இதற்காக வாங்கிவிடாதீர்கள். அதில் ஜாய்கான் கழலாது, டிவியிலும் மாட்ட முடியாது. 2025 ஜூனில் வந்த மரியோ கார்ட் வேர்ல்டில் 24 பேர் ஓடுகிறார்கள், ஆனால் அதற்கு ஸ்விட்ச் 2 வேண்டும். நின்டென்டோவுக்கு நம் நாட்டில் நேரடி விற்பனை கிடையாது. இறக்குமதிக் கடைகளில்தான் கிடைக்கும். ஆகவே ரிப்பேர் யார் பார்ப்பார் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இனி போன். போனை மட்டமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு கையால் ஓட்ட முடிகிற ஒரே வழி அதுதான். கேம்லாஃப்ட்டின் ஆஸ்ஃபால்ட் 2004 முதல் போன்களில் ஓடுகிறது. பட்டன் போன் காலத்து ஜாவா பதிப்பை ஓட்டியவர்கள் இதைப் படிப்பவர்களில் கட்டாயம் இருப்பீர்கள். 2013-ல் எட்டாம் பாகம் வந்தபோது அதற்கு விலை இருந்தது, ஒரு டாலருக்கும் குறைவு. கொஞ்ச நாளிலேயே இலவசமாக்கினார்கள். ஒன்பதாம் பாகம் 2018-ல் முதலிலிருந்தே இலவசம், 2024-ல் ஆஸ்ஃபால்ட் லெஜண்ட்ஸ் யுனைட் என்று பெயர் மாற்றினார்கள். இலவசமான அந்த இடத்தில்தான் ரோட்டின் வடிவமே மாறியது. ஒரு கார் வேண்டுமென்றால் அதன் ப்ளூபிரின்ட் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஓட்டிய காருக்கு எரிபொருள் தீர்ந்தால் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கப் பிடிக்காவிட்டால், கடை திறந்தே இருக்கிறது.

மூன்றையும் ஒரே வளைவில் வைத்துப் பாருங்கள். டேடோனா கூண்டில் அந்த வளைவு இரண்டு கை, ஒரு கால், ஒரு கியர் தண்டு. பிசகினால் மூன்று நொடி போய்விடும், திரும்ப வராது. மரியோ கார்ட்டில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துச் சறுக்க வேண்டும். டயருக்கடியில் நீலப் பொறி, அப்புறம் ஆரஞ்சு, கடைசியில் ஊதாப் பொறி. எந்த நிறத்தில் விரலை எடுக்கிறோமோ அதற்கேற்ற உந்து கிடைக்கும். பேராசைப்பட்டு ஊதாவுக்குக் காத்திருந்தால் பள்ளத்தில் விழலாம். ஆஸ்ஃபால்ட்டில் டச்டிரைவ் என்ற முறையைப் போட்டால் வண்டி தானாகத் திரும்பும். நமக்கு மிச்சம் இருப்பது எந்தப் பக்கம் போவது, எப்போது சறுக்குவது, திடீர் வேகத்துக்கு எப்போது நைட்ரோ போடுவது என்பவை மட்டும். கண்ணாடித் திரையில் ஸ்டீயரிங் பிடிக்க முடியாது என்பதை நேர்மையாக ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது, தப்பில்லை. ஆனால் வளைவைக் கற்றுக்கொள்கிற சுகம் அதில் பாதி போய்விடுகிறது.

மரியோவே 2019-ல் மரியோ கார்ட் டூராகப் போனுக்கு வந்தார். ஒரு விரல் போதும். கூடவே, காசு கொடுத்து ஒரு குழாயைச் சுட்டால் அதிர்ஷ்டத்துக்கு ஏற்ப வண்டி விழுகிற ஏற்பாடும் வந்தது. பலத்த எதிர்ப்புக்குப் பின் 2022-ல் அந்தக் குழாயை எடுத்தார்கள். வீட்டு டிவியில் இத்தனை தாராளமாக இருக்கும் அதே கம்பெனி, வசூல் முறை மாறியதும் எப்படி மாறிப்போனது பாருங்கள்.

போனிலும் வேறு வழி இருந்தது. 2015-ல் பிரேசிலின் அக்விரிஸ் குழு செய்த ஹொரைசன் சேஸ் ஒரே தடவை காசு வாங்கிக்கொண்டு முழுசாக விட்டுவிட்ட விளையாட்டு. தொண்ணூறுகளின் ரேஸ்களுக்கு இசையமைத்த பேரி லீச்சையே இதற்கும் இசையமைக்க அழைத்து வந்திருந்தார்கள். போனுக்கென்றே பிறந்தது என்று சொன்னால் எனக்கு 2012-ல் ஃபின்லாந்திலிருந்து வந்த ஹில் கிளைம்ப் ரேசிங் நினைவுக்கு வரும். திருப்ப ஸ்டீயரிங்கே இல்லை, இரண்டு கட்டைவிரலுக்கு இரண்டு பெடல். மேட்டில் கொஞ்சம் கூடுதலாக மிதித்தால் ஜீப் மல்லாந்து விழுந்து ஓட்டுநர் கழுத்து மடங்கும். இன்டர்நெட்டே வேண்டாம். விளம்பரம் வரும்தான், பொறுத்துக்கொள்ளலாம்.

ஆகவே பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் பத்துப் பத்து நிமிடமாக ஓட்டுகிறவருக்கு போனே போதும். பணம் கட்டும் வழிக்குப் பாஸ்வேர்டு போட்டுவிட்டு ஓட்டுங்கள். தனியாள், வீட்டில் நல்ல கணினியோ பிஎஸ்5-ஓ ஏற்கெனவே இருக்கிறது என்றால் ஃபோர்ஸா அல்லது பர்ன்அவுட், இன்னொரு பெட்டி வாங்காதீர்கள். நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்தால் மட்டும் மால், அதுவும் கூண்டுகள் இணைந்திருக்கிற இடமாகப் பார்த்து. வீட்டுக்கென்று தனி ஸ்டீயரிங் வாங்கலாமா என்று கேட்பார்கள். ஆர்கேட் வகைக்கு வேண்டாம். இரண்டரைச் சுற்று சுற்றுகிற அந்த ஸ்டீயரிங் சிமுலேஷன்காரர்களுக்கானது, இந்த விளையாட்டுகள் கைப்பிடிக்கென்றே அளந்து செய்தவை. அந்தப் பணத்துக்கு இன்னொரு கைப்பிடி வாங்குங்கள். டிவியில் கேம் மோட் இருந்தால் போட மறக்காதீர்கள். அது இல்லாமல் பட்டனை அழுத்துவதற்கும் வண்டி திரும்புவதற்கும் நடுவில் ஒரு இழுவை இருக்கும், பையன் தோற்றதற்கெல்லாம் டிவியைக் குற்றம் சொல்வான்.

அக்கா வீட்டுக்கு நான் சொன்னது பழைய ஸ்விட்ச், செகண்ட் ஹாண்டில், மரியோ கார்ட் 8 டீலக்ஸோடு. பையனுக்கு முதலில் முகம் சுருங்கியது. "மாமா, அது குழந்தைங்க விளையாடறது. நிஜக் காரே இல்ல" என்றான். தங்கைக்கு ஸ்மார்ட் ஸ்டீயரிங்கைப் போட்டுக் கொடுத்தேன். ரோட்டை விட்டு வெளியே போனால் வண்டியே இழுத்து உள்ளே கொண்டுவரும், பள்ளத்தில் விழ விடாது. 200 சிசி என்ற அதிவேக வகையில்தான் ஓட்டியே தீருவேன் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தான். அந்த வேகத்தில் வளைவுக்கு வளைவு அவன் கடலில் விழுந்துகொண்டிருக்க, அவள் நடுரோட்டில் நிம்மதியாகப் போய் அவனை முந்தினாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

நேற்று ராத்திரி அவனிடமிருந்து குரல் செய்தி வந்தது, கிசுகிசுப்பாக. "மாமா, அவ வண்டி பின்னாடி சின்னதா ஒரு ஆன்டெனா இருக்கு, என் வண்டில இல்ல. அது என்னது? அதை எப்படி எடுக்கறது?" பின்னாலிருந்து தங்கையின் குரலும் கேட்டது: "யார்கிட்டடா பேசற?"

அந்த ஆன்டெனாதான் ஸ்மார்ட் ஸ்டீயரிங்கின் அடையாளம். இன்னும் பதில் போடவில்லை.